எதிரணிக்கும் கேட்கும்படி

இணையப் போர் விளையாட்டின் இறுதிச்சுற்று. எதிரணியில் மிஞ்சியிருந்த மூன்று பேர் ஒளிந்திருந்த பாழ்வீட்டைப் பொன்னெழிலின் அணி வளைத்துவிட்டது. அப்போதுதான் தன் மடிக்கணினியில் கேமரா விளக்கு எரிவதை அவள் பார்த்தாள். கேமராவை அவள் தொடவே இல்லை. ஆட்டம் திணறாமல் ஓடுவதற்காக இரு அணியினரும் போட்டு வைத்திருந்த இலவசச் செயலியை மூடினாள், விளக்கு அணைந்தது. மறுபடி திறந்தாள், எரிந்தது.

"எழிலக்கா, சுடுங்க! கப்பு நமக்குத்தான்!" என்று ஹெட்போனில் கத்தினான் அவள் அணியின் ரெமிஜியுஸ்.

பொன்னெழில் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, எதிரணிக்கும் கேட்கும்படி மைக்கைத் திறந்தாள். "அந்த இலவசச் செயலி நம்மள வேவு பாக்குது. உங்க கேமரா லைட்டைப் பாருங்க. முதல்ல நெட்டைப் பிடுங்குங்க."

"அவங்களுக்கு எதுக்குக்கா சொல்றீங்க?"

"அவங்க வீட்லயும் மனுசங்கதானடா இருக்காங்க."

பாழ்வீட்டிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். அவளுக்கு நேராக நின்று, துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, இணைப்பைத் துண்டித்து மறைந்தான். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். பிறகு அவளுடைய ஆட்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

"நீங்கதாங்க்கா கேப்டன்," என்று சொல்லிவிட்டு ரெமிஜியுஸும் மறைந்தான்.

சுடுவதற்கு யாருமில்லாத அந்தப் போர்க்களத்தை ஒருமுறை தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு, பொன்னெழில் இணைய வயரைப் பிடுங்கினாள்.