சாவுக் காட்சிக்கு ஒரு ரூபாய்

நெஞ்சில் அம்பு தைத்து முனிவேல் விழுந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. கிழக்கும் வெளுத்துவிட்டது. இன்னும் அவனைச் சாக விடவில்லை.

தலைமாட்டில் கட்டியங்காரன் நாராயணப்பன் நின்று, கூத்துக்கு அன்பளிப்புத் தந்த மகராசர்களின் பெயர்களைச் சீட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெயரும் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம். சூளகிரிப் பக்கம் கூத்தென்றால் மூன்று பாஷைக்காரனுக்கும் மனசு குளிர வேண்டாமா?

எல்லாம் முனிவேல் தேடிக்கொண்ட வினை. சொந்தமாக ஒரு கூத்து எழுதி, வீரமல்ல ராஜாவாகத் தானே வேஷம் கட்ட ஆசை. நயா பைசா வந்து ஊரே குழம்பிக்கிடந்த வருஷம் அது. இவன் கையிலோ பழைய பைசாவும் இல்லை, புதுசும் இல்லை.

ஊர் ஊராகப் போனான். எட்டணா தந்தால் தொடக்கத்தில் பெயர் சொல்வோம், ஒரு ரூபாய் தந்தால் ராஜா சாகும்போது சொல்வோம், அப்போதுதான் சனம் தூங்காமல் அழுதுகொண்டிருக்கும் என்றான். பாவிகள், ஒருத்தன் பாக்கியில்லாமல் சாவுக்கே கொடுத்தார்கள்.

முன்னால் கயிற்றுக் கட்டிலில் அவன் மாமனார் கங்கப்பன். தந்தது ஒரே ரூபாய். தன் பெயருக்கு முன்னால் 'மத்திகிரி பெரிய வீட்டு' என்பதை நாராயணப்பன் விட்டுவிட்டான் என்று மூன்று பாஷையிலும் திரும்பப் படிக்க வைத்தார்.

முனிவேலின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அது கிடக்கட்டும், அவன் பயம் வேறு.

வசூலான ரூபாயெல்லாம் மத்தளக்காரருக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் போய்விட்டது. கிரீடத்துக்கு மனைவி மாதம்மாள்தான் கம்மலைக் கழற்றித் தந்தாள். கங்கப்பன் கல்யாணத்துக்குப் போட்ட சிவப்புக்கல் கம்மல்.

"மூச்சு விட்றாத தாயி, உங்கப்பன் எங்கால ஒடிச்சிருவாரு" என்று கும்பிட்டான். அவளும் தலையாட்டினாள். அன்றிலிருந்து காதில் ஈர்க்குச்சி, தலையில் முக்காடு.

அவள் பெயரை மட்டும் அவன் சீட்டில் எழுதவில்லை.

நாராயணப்பன் சீட்டை மடித்தான். அப்பாடா! கடைசி வசனத்துக்கு முனிவேல் மூச்சை இழுத்தான். இரண்டு வருஷமாக அடித்து அடித்து எழுதிய வசனம்.

நாராயணப்பன் மடியிலிருந்து இன்னொரு துண்டுச் சீட்டை எடுத்தான். ராஜாவின் கிரீடத்துக்கு மாதம்மாள் அன்பளிப்பு, சிவப்புக்கல் கம்மல் ஒரு ஜோடி என்று குரலைத் தணித்து இழுத்தான்.

முன்னால் இருந்த சனம் கங்கப்பனைத் திரும்பிப் பார்த்தது.

செத்துக்கொண்டிருந்த ராஜா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். மாமனார் காதருகே கையைக் குவித்து முன்னால் சாய்ந்திருந்தார். சரியாக விழவில்லை போலிருக்கிறது. ஆனால் தெலுங்கு பாக்கி, கன்னடம் பாக்கி.

பெண்கள் பக்கத்தில் மாதம்மாள் எழுந்து நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. விடியல் வெளிச்சத்தில் இரண்டு ஈர்க்குச்சியும் நன்றாகவே தெரிந்தன.

"நாராயண்ணா, ஒரு ரூவா குடுத்தவனுக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துன. நான் குடுத்த சீட்ட மட்டும் எதுக்கு முணுமுணுக்கற? சத்தமாச் சொல்லு, எங்கப்பனுக்குக் காது மந்தம்."

கங்கப்பன் கட்டிலை விட்டு எழுந்தார்.

ராஜா விழுந்த இடத்தில் கிரீடம் மட்டும் கிடந்தது.