ஆறு கால் சிலந்தி

"சிலந்திக்கு எத்தனை காலும்மா?"

பதிப்பாளர் கேட்ட தோரணையிலேயே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பூச்சியக்காவுக்குப் புரிந்துவிட்டது.

பூச்சியக்கா என்பது பதிப்பகத்தில் வைத்த பேர். எறும்பு, கரையான், மின்மினி என்று குழந்தைகளுக்காகவே இத்தனை வருஷமாக எழுதிவருகிறவர். புத்தகத்தில் ஒரு தகவல் பிசகினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு.

"எட்டு, ஐயா."

"உங்க புத்தகத்துல?"

மேஜையில் கிடந்த புத்தகங்களில் ஒன்றைக் கையால் தடவி எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அட்டைமேல் விரலை வைத்து எண்ணவே ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு. ஆறுதான் இருக்கு. காலையிலேர்ந்து டீச்சருங்க போன் பண்ணி மானத்தை வாங்கறாங்க. மிச்ச ரெண்டு கால் எங்கேன்னு ஒண்ணாங்கிளாஸ் குழந்தை கேக்குதாம்."

பின்னால் ஓவியப் பெண் வந்ததிலிருந்தே தலையைத் தொங்கப்போட்டபடி நின்றாள். அவளுக்கு இது முதல் அட்டை. பாவம், அவள் எட்டுக் காலும் ஒழுங்காகத்தான் வரைந்திருந்தாள். கடைசி நேரத்தில் யாரோ தலைப்பைப் பெரிசாக்கியதில் இரண்டு கால் அதற்கடியில் மறைந்துபோனது.

பதிப்பாளரின் மகன் ஜன்னலோரம் போனை நோண்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அட்டையைக் கடைசியா பாத்தது யாரு?"

அட்டையைக் கடைசியாகப் பார்த்துச் 'சரி' சொல்வது பதிப்பாளர் ஒருவர்தான். பதிப்பகம் தொடங்கிய நாளிலிருந்து அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை. மகனுக்கும் அது தெரியும்.

"நான்தான்" என்றார் பூச்சியக்கா. "நானே பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்குன்னு ஐயாகிட்ட அடிச்சுச் சொன்னேன். என்னை நம்பி விட்டுட்டார். தப்பு என்னுதுதான்."

பதிப்பாளர் கையிலிருந்த புத்தகத்தை மேஜையில் போட்டார். அப்புறம் குரலை உயர்த்தினார்.

"அப்படின்னா கடல் வரிசையை வேற ஆள் எழுதட்டும்."

கடல் வரிசை என்றால் திமிங்கலத்தில் தொடங்கிப் பத்துப் புத்தகம். அதற்காக அக்கா வருஷக்கணக்காகப் படித்துவருகிறார். வீட்டுக்காரர், 'நம்ம வீட்டுல எதைத் தொட்டாலும் மீன் வாடை' என்று கேலி செய்கிற அளவுக்கு.

"சரிங்கய்யா."

வெளியே வந்ததும் மாடிப்படியில் ஓவியப் பெண் பொரிந்து தள்ளினாள்.

"என்னக்கா இது அநியாயம்? பாக்காம சரி சொன்னது அவரு. பேச்சு வாங்கினது நீங்க. கடலும் போச்சு. ஆனா உங்களுக்கு இவ்வளவு பயம் ஆகாதுக்கா."

"பயமா?" அக்கா கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டார். கண் கலங்கித்தான் இருந்தது. "பூச்சியைப் பத்தி எழுதினா எந்தப் பிள்ளை படிக்கும்னு ஊர்ல இருக்கற பதிப்பகமெல்லாம் சிரிச்சு அனுப்பினாங்க. இவர் ஒருத்தர்தான் நான் எழுதினதை வாங்கி, நின்னுக்கிட்டே முழுசா படிச்சார். உக்காரணும்னுகூட அவருக்குத் தோணலை."

"அதுக்காக? செய்யாத தப்பை ஏத்துக்கணுமா?"

"அப்பாவை வீட்டுல உக்கார வைக்க மகன் எப்படா சாக்குக் கிடைக்கும்னு இருக்கார். அந்த நாற்காலி போச்சுன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். இனிமே அட்டை அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி நீயும் நானும் பாத்துடலாம். அவருக்குத் தெரிய வேண்டாம்."

"எதுக்குக்கா இவ்வளவு மூடி மறைக்கறீங்க? ஒரு தடவை கவனிக்காம விட்டுட்டார், அவ்வளவுதானே?"

"நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னே, பாத்திருக்க மாட்டே." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் முகத்துக்கு நேரா நீட்டி விரல் வெச்சு எண்ணிக் காட்டினாரே, அது நம்ம சிலந்தி இல்லடி. போன வருஷம் வந்த தேனீ."