எப்படி வந்த தண்ணீர்

"இந்தத் தண்ணி எப்ப வந்தது ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வந்தது என்று ஒப்புக்கொண்டால் நாளைக்குப் போனது என்பார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் ஆறு வீடு ஒரே வரிசையாக இருக்கிற எங்கள் லயத்துக்குப் பின்னால், மண் மேட்டின் அடியில், தண்ணீர் விரல் தடிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிக் கல் அடுக்கி, மூங்கிலைப் பிளந்து தண்ணீர் விழப் பீலி வைத்திருந்தேன். அதன் கீழே வாளியை வைத்துவிட்டு, கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி என் மருமகள் ஜெயராணி நின்றாள்.

வந்தவளின் கழுத்து அட்டையில் பர்ஹானா என்று இருந்தது. கண்டியில் ஏதோ அரசாங்கக் கந்தோராம். மழைக்காலத்தில் மலைகளைப் பார்க்கிற வேலையாம்.

நான் பிறந்ததிலிருந்து சும்மாவே பார்க்கிறேன்.

அவளுடைய ஜீப் முதலில் மேலே ஹோட்டல் வாசலில்தான் நின்றது. அதையும் பார்த்தேன்.

அந்த ஹோட்டல்காரன் போன வருசம் எங்கள் பழைய ஊற்றில் கறுப்புக் குழாயைப் போட்டு இழுத்துக்கொண்டான். அப்போதும் ஒருவர் வந்து இப்படித்தான் நைசாகக் கேட்டார். தானாக ஓடுகிற தண்ணீர்தானே என்றார். ஆமாம் என்று தலையாட்டினோம். அதோடு தண்ணீர் போனது. ஆறு வீட்டுப் பெண்களும் ஹுன்னஸ்கிரிய ரோட்டு வரைக்கும் போய்க் குடம் தூக்கினார்கள்.

இன்னொரு தரம் தலையாட்ட என்னால் முடியாது.

அவள் சொல்லை மாற்றி மாற்றிக் கேட்டாள். எப்படித் தொடங்கியது என்றாள். தானாகக் கிளம்பியதா என்றாள். ஊற்று எப்போது கண் திறந்தது என்றும் கேட்டுப் பார்த்தாள்.

ஒரே கேள்விக்கு இத்தனை சட்டை மாட்டுகிறவளை எப்படி நம்புவது?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் இந்தச் சொற்களின் குணம் எனக்குத் தெரியும். சண்டை வந்தது என்றால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். சண்டையைத் தொடங்கினான் என்றால் ஒருத்தன் பொலிசுக்குப் போக வேண்டும். நெருப்புப் பிடித்தது என்றால் பாவம். நெருப்பு வைத்தது என்றால் கேஸ். தோட்டத்தில் ஸ்ட்ரைக் வந்தபோது, வந்தது என்று எழுதியிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. தொடங்கி வைத்தார் என்று எழுதினார்கள். என் அண்ணன் பேச்சிமுத்துவுக்கு வேலை போனது.

தண்ணீரும் அப்படித்தான். கிளம்பியது என்றால் கடவுள் கொடுத்தது. கடவுள் கொடுத்ததைக் குழாய் வைத்திருக்கிறவன் கொண்டுபோவான். தோண்டியது என்றால் தோண்டினவனைக் கேட்டாக வேண்டும்.

"நான் தோண்டுனது," என்றேன். "இந்தக் கையால."

ஜெயராணியின் வாளி நிரம்பி வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதால் தோண்டினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அலவாங்கும் மண்வெட்டியும் என்றேன். ஆழம் கேட்டாள். இடுப்பளவு என்றேன். மழைக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டாள். முந்தி என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அவள் முகம் இளகியது. சிரிக்கவும் செய்தாள்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. கந்தோர் ஆள் சிரித்தால் நமக்கு ஏதோ குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"தோண்டினதெண்டா பயமில்ல ஐயா. மழைக்குப் பொறகு தானாக் கிளம்பினாத்தான் பயம். மலை உள்ளுக்குள்ள நகரத் தொடங்கிட்டுது எண்டு அர்த்தம்."

அப்படி இருந்தால் இன்றைக்கே ஆறு வீட்டையும் காலி பண்ணச் சொல்லி, வேறு இடத்தில் வீடு கொடுக்க எழுதியிருப்பாளாம். மேலே ஹோட்டலையும் அதற்காகத்தான் பார்க்கப் போனாளாம். அங்கே சுவர் வெடித்து, ஆட்கள் நேற்றே இறங்கிவிட்டார்களாம்.

பின்னேரம் பெரிய மழை இருக்கிறது, கவனம் என்று சொல்லிவிட்டு, கீழே நின்ற ஜீப்பை நோக்கி இறங்கினாள்.

வெளி ஆள் முன்னால் மாமனாரைப் பொய்யன் என்று சொல்கிற பெண் இல்லை ஜெயராணி. பிள்ளையை மட்டும் இடுப்பிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மிஸ், நில்லுங்க," என்றேன். "நான் தோண்டல. போன கெழம மழ விட்ட காலையில வந்து பாத்தா, அதுவாக் கெளம்பி ஓடிக்கிட்டிருந்துச்சு."

அவள் திரும்பி நின்றாள். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். சற்று முன்வரை நான் அவளைப் பார்த்த அதே பார்வை.

"வீடு தருவாங்க எண்டு நான் சொன்ன பொறகு பொறந்த ஊத்தா ஐயா இது?"

சத்தியம் பண்ணலாமா என்று நினைத்தேன். ஆழம் வரைக்கும் அளந்து பொய் சொன்ன வாய் இது. நானாக இருந்தால் நம்பமாட்டேன்.

ஜெயராணியிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். லயத்தின் முன்பக்கம் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். மலை நகருது, இருக்கிறபடியே வெளியே வாங்க என்றேன். என் சொல்லை நம்பாதவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எங்கள் வீடு திறந்து கிடந்தது. நான் உள்ளே போகவில்லை.

அந்தப் பெண் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று, நாங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களில் ஒருவர் கையிலும் ஒரு மூட்டைகூட இல்லாததைக் கண்ட பிறகுதான், போனை எடுத்துக் காதில் வைத்து, ஆறு வீடு என்று சொன்னாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.