எஃப்-ஏழாம் கட்டம்

குதிரையை எஃப்-ஏழில் வைத்தால், கிராண்ட்மாஸ்டர் ஹரிநந்தனின் ராஜாவுக்குச் செக்மேட். அதைக் கண்டதுமே பூங்கோதை நீட்டப்போன கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவருடைய ரேட்டிங் இரண்டாயிரத்து அறுநூறு. இவளுடையது வெறும் ஆயிரத்து இருநூறு. இவ்வளவு வித்தியாசத்தில் ஜெயிப்பவர்களின் மண்டையைத் திறந்து, உள்ளே கருவி இருக்கிறதா என்று பார்ப்பது விதி. போன வருடம் அப்படி ஜெயித்த ஸ்டெல்லாவுக்கு இப்போது சொந்த மகனின் பெயர் தெரியவில்லை.

பூங்கோதை குதிரையை விட்டுவிட்டு ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினாள். அடுத்த ஏழு நகர்த்தல்களில் தோற்றுப்போனாள். நிம்மதியாகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவளை நடுவர் மறித்தார்.

"கொஞ்சம் உள்ள வாங்கம்மா."

"நான்தான் தோத்துட்டேனே சார்."

"தோத்தீங்க. ஆனா நாலு நிமிஷம் எஃப்-ஏழையே பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு கேமரா சொல்லுது."