ஆயில் விளக்கு

அவலூர்பேட்டையில் வண்டி கிளம்பியதிலிருந்து அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், மிளகாய் விதை அளவு வெளிச்சம். ரஞ்சிதம் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. எட்டு மாதம். செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

புருஷன் பெரியதம்பியின் வாடகை அம்பாசிடர் அது. சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு எரியும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணைகிற அந்த நொடியில் ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொள்வாள்.

முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்த அன்று, மாடத்தில் ஏற்றிவைத்த விளக்கு காற்றே இல்லாமல் அணைந்துபோயிருந்தது. அன்றிலிருந்து எந்த விளக்கு அணைவதையும் அவளால் பார்க்க முடிவதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இன்று இது அணையவில்லை. இது எரிகிற வரைக்கும் உள்ளே இருப்பதற்கும் ஒன்றும் ஆகாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

பெரியதம்பி வாயே திறக்கவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான். முதல் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட வண்டியைத்தான் கழுவிக்கொண்டிருந்தான். இன்று காலையிலும், அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். இந்த நேரத்திலா என்று அவளுக்குக் கசந்துபோனது. அவன் வெளியே வந்தபோது ஆட்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

பின் சீட்டில் அவள் அண்ணன் சுந்தரமூர்த்தி, லாரி ஓட்டுகிறவன். கோட்டை மலை தெரியத் தொடங்கிய இடத்தில் முன்னால் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாப்ள, ஆயில் லைட்டு எரியுது. கண்ணு தெரியல?"

தெரியும், அது ஒன்றுமில்லை, போகலாம் என்றான் பெரியதம்பி.

அண்ணன் விடவில்லை. ஆயில் ஏறாமல் இன்ஜின் இறுகிப்போனால் வயிற்றுப்பிள்ளைக்காரியை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுவாயா, உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தான் என்று ஏசினான். கூட்டுரோட்டில் அமீர் ஜான் பாயின் மெக்கானிக் ஷெட் வந்தபோது ஸ்டியரிங்கையே எட்டிப் பிடித்துவிடுவான் போலிருந்தது. பெரியதம்பி வேண்டா வெறுப்பாக, இன்ஜினை நிறுத்தாமலே ஓரங்கட்டினான்.

ரஞ்சிதம் இறங்கவில்லை. விளக்குக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள்.

அமீர் ஜான் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் நிறைய இருந்தது. இன்ஜினை நிறுத்த வேண்டாம் என்றார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடினார்.

ரஞ்சிதம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்த முகத்தையே பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவும் இப்படித்தான் வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுக்கப்போகிறாள். அந்த முகம் எப்படி மாறுமோ.

அமீர் ஜானின் முகம் தெளிந்தது. இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு இன்ஜினிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அணைந்ததா என்று அவளிடம் கேட்டார். இல்லையென்று தலையாட்டினாள். அப்படியானால் ஒயர் வழியில் எங்கேயோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்தார்.

ஒயர் தானாகத் தொடவில்லை. தலைமுடி போல ஒரு செம்புக் கம்பி அதிலிருந்து கிளம்பி, ஒரு ஸ்க்ரூவில் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. புதுக் கம்பி. டார்ச் வெளிச்சத்தில் மினுங்கியது. முனையில் காய்ந்த ரத்தம்.

இதை எதற்குக் கட்டினாய் என்று அமீர் ஜான் நிமிர்ந்து கேட்டார். கதவோரம் நின்றிருந்த பெரியதம்பி மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வெளக்கு அணைஞ்சா அதுக்குத் தாங்காது, பாய்."

முன்னால் எட்டிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி பின் சீட்டில் சாய்ந்துகொண்டான்.

ரஞ்சிதம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டைத் தவிர எதையும் பார்க்காதவன் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும், அவள் கண் மூடும் அந்த நொடியை இந்த மனுஷன் பார்த்திருக்கிறான். பார்த்தும் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறான். எதிரே மலைமேல், ஒன்றின்மேல் ஒன்றாக அத்தனை பாறைகள். பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். எது பிடித்து அவற்றை நிறுத்தியிருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இது அணைந்திருந்தால்தான் வண்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம், இப்படிக் கட்டி வைத்தால் நிஜமாகவே கோளாறு வருகிற அன்று தெரியாது என்றார் அமீர் ஜான். எடுக்கட்டுமா என்று அவனைக் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார்.

"எடுத்துடுங்க பாய்."

விளக்கு அணைந்தது. அவள் கண்ணை மூடவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியதம்பி ஏறி உட்கார்ந்தான். கியர் போடப் போன கையை ரஞ்சிதம் பிடித்து, துணி சுற்றிய விரலோடு, தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். வண்டியின் நடுக்கம் சீட்டிலும் வயிற்றிலும் கையிலும் ஒன்றாக ஓடியது.

ஏன் கிளம்பவில்லை என்று அண்ணன் கேட்டான்.

பெரியதம்பி அவளையே பார்த்தான். பிறகு, மறு கையால் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான்.

நடுக்கம் அடங்கியது. துணி சுற்றிய அந்த விரல் மட்டும் மெல்ல எழும்பித் தாழ்ந்தது.