அல்சர் ஆபரேஷன்

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவளுடைய மூச்சு சீறியது.

போன மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை. போன வாரம் குளியலறை வரை நடக்க முடியவில்லை. இன்று உட்கார்ந்திருந்தும் மூச்சு போதவில்லை.

டாக்டர் மூன்றாவது முறையாக ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நுரையீரல் தெளிவாக இருக்கிறது. பெரிய குழாய்களில் ரத்த உறைவு இல்லை. ஆனால் இதயத்தின் வலப்பக்கம், எதையோ தள்ள முடியாமல் வீங்கியிருக்கிறது.

எதை என்றுதான் தெரியவில்லை.

"அத்தைக்குக் கல்யாணப் படபடப்பு டாக்டர்" என்றாள் நர்ஸ் ஜெயக்கொடி, ஊசியில் மருந்தை ஏற்றியபடி. நோயாளியின் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் சித்தி மகள். இங்கே கட்டில் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

கட்டிலருகே மகளோடு நின்ற கணவர் மட்டும் சிரித்தார்.

டாக்டர் நோயாளியின் வயிற்றைப் பார்த்தார். தொப்புளுக்கு மேலே நீளத் தழும்பு. எதற்குப் போட்ட தையல் என்று கேட்டார்.

மகள் போர்வையை இழுத்துத் தழும்பை மூடினாள்.

பதில் தயாராகத்தான் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், கட்டியை வெட்டி எடுத்து வீடு திரும்பிய அன்றே, நோயாளிதான் கணவருக்கும் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். புற்று வந்தவள் பெற்ற பெண்ணை யார் எடுப்பார்கள்?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் புற்று இருந்திருந்தால், அதன் துகள்கள் ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைத்திருக்கலாம். படத்தில் தெரியாது. அப்படியானால் வைத்தியமே வேறு. இன்றே தொடங்க வேண்டும்.

கணவர் தரையைப் பார்த்தார்.

அவள் மகளைப் பார்த்தாள். இவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

"அல்சர் டாக்டர்" என்றாள் மகள்.

தடுமாறவில்லை. சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னாள்.

டாக்டர் குனிந்து மாஸ்க்கை விலக்கினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

ஜெயக்கொடி ஊசியோடு நின்றாள்.

சொல்ல ஒரு வார்த்தைதான். அதற்கான மூச்சு அவளிடம் இருந்தது.

ஆமாம், அல்சர்தான் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

கண்ணுக்குத் தெரியாத ரத்த உறைவாக இருக்கும் என்று டாக்டர் எழுதினார். உறைவைக் கரைக்க ஊசி. பிறகு பார்க்கலாம்.

மகள் கதவு வரை அவர் பின்னால் போனாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு டாக்டர். அதுவரைக்கும் தாங்குவாங்களா?"

கேள்வி கட்டில் வரை வந்தது. அவர் சொன்ன பதில் வரவில்லை.

கட்டிலில் அவள் அடுத்த மூச்சைச் சிக்கனமாக இழுத்தாள்.