என் பெயர் போட்ட இடம்

வாங்காரேய் துறைமுகக் கடையில், கடல் வரைபடமும் மீன் கூட்டமும் காட்டும், படகில் பொருத்தும் திரைகள் வரிசையாக எரிகின்றன. வாங்க வருபவர்களுக்காக ஓடும் பொய்க் கடல், பொய் மீன். என் மனைவியின் தம்பி மரே தன் படகுக்குச் சின்னதா பெரிசா என்று மூக்கைச் சொறிகிறான். "உங்க படகுல இருக்கிற பழைய திரையோட மெமரி கார்டை இது படிக்குதான்னு பாத்துரலாமே," என்கிறாள் கடைக்காரப் பெண். அவன் யோசிக்காமல் எடுத்து நீட்டுகிறான். பெரிய திரையில் எங்கள் விரிகுடா நீலமாக விரிகிறது. பாறை விளிம்பில் கொத்துக் கொத்தாக மீன் குறிகள். எங்களிடம் அவன் வாயே திறக்காத இடம். தள்ளி, வெறும் சேற்றுத் திட்டில் மூன்று புள்ளிகள், ஆளுக்கொரு பெயரோடு: நெவில், பாதிரியார், கிரேம். கிரேம் நான்தான். மீன் கிடைக்கும் என்று யாருக்கு எந்தப் பொய் இடத்தைச் சொன்னோம் என்பது மறந்துவிடக் கூடாதென்று குறித்து வைத்திருக்கிறான். "மீன் பிடிக்கிறவன் எல்லாரும் செய்றதுதானே மச்சான்," என்கிறான், கழுத்து சிவக்க. அந்தச் சேற்றின் மேல்தான் கோடைதோறும் என் சின்னப் படகில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அவன் கொண்டுவரும் மீனைப் பொரித்துக்கொண்டே, "என் தம்பிகிட்டக் கத்துக்கங்களேன்," என்கிறாள் என் மனைவி. "எதைக் கட்டட்டும்?" கடைக்காரப் பெண் மரேயைப் பார்க்கிறாள். அவன் என்னைப் பார்க்கிறான். "பெரிசையே குடும்மா," என்கிறேன். "அதுலதான் பேரெல்லாம் தெளிவாத் தெரியுது."